வெள்ளை நாயைக் கொல்வது எப்படி

இப்போது உன்னைவிட எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. ஆனாலும் என் அன்பு அண்ணன் செல்வத்துக்கு,

உன்னை அடித்த நான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கல்யாணமாகி ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னொருவன் பஞ்சு மார்க்கெட் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. மூன்று வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை அண்ணே.

நான் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் அங்கே இன்டர்நெட் வந்தது. டெலிபோன் லைன் கொர்ரென்று இரைந்து கீச்சிட்டு, ஒரு படம் மேலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இதற்குள் போய் யாரும் யார் கழுத்தையும் கடிக்க முடியாது. பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். நம் விளையாட்டு என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதால்தான் நீ செத்தாய்.

உன் கூட்டாளி ஸ்டீபனின் மாமா கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்து போட்ட, அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகத்தில் ஆரம்பித்தது எல்லாம். விளையாட்டின் பெயர் சைபர்பங்க் என்றான் ஸ்டீபன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பிழைத்தோமா செத்தோமா என்பதைப் பத்து முகமுள்ள பகடை முடிவு செய்யும். அந்தப் பகடைக்கு ராஜபாளையத்தில் எந்தக் கடைக்குப் போவது? தம்போலா விளையாட்டு டப்பாவிலிருந்து ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட வில்லைகளை எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினாய்.

கதை நடப்பது வரப்போகிற காலத்தில். கம்பெனிகள்தான் ஊரை ஆளும். பாதிப் பேருக்கு இரும்புக் கை. பிடரியில் வயரைச் சொருகிக்கொண்டு, உடம்பை நாற்காலியில் போட்டுவிட்டு, மனதோடு மட்டும் கம்ப்யூட்டருக்குள் இறங்கித் திருடுகிறவன் ஹேக்கர். புத்தகத்தில் இருந்த அமெரிக்க ஊரை நீ தூக்கி எறிந்தாய். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பெருத்து ஒட்டி ஒரே நகரமாகிவிட்டன என்றாய். அய்யனார் கோவில் அருவியில் பச்சையும் சிவப்புமாகச் சாயத் தண்ணீர் விழுகிறது என்றாய்.

கம்ப்யூட்டருக்குள்ளே எப்படி இருக்கும் என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். நாம் பார்த்த ஒரே கம்ப்யூட்டர் அப்பா வேலை பார்க்கிற மில்லின் ஆபீஸில், ஏசி போட்ட கண்ணாடி அறையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் நம் விளையாட்டிலும் ஹேக்கர் செருப்பைக் கழற்றாமல் வயரைச் சொருகக் கூடாது என்று சட்டம் போட்டாய். அதோடு விட்டாயா? உள்ளே இறங்கினால் அந்த மில்லேதான் இருக்கும் என்றாய். கேட், கேட்டில் வாட்ச்மேன், ஸ்பின்னிங் ஓடுகிற கூடம், பஞ்சு கிடங்கு, கடைசியில் மானேஜர் அறை. ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. கடைசிப் பூட்டுக்கு முன்னால் நம் ஊர் வெள்ளை நாய், ரோஸ் மூக்கோடு, ஆள் உயரத்துக்கு.

அந்த நாயிடம் நான் எத்தனை முறை செத்திருக்கிறேன்!

"ஏட்டி செண்பகம், வில்லைய எடு."

"மூணு."

"மூணா? செத்த. நாய் ஒந் தொண்டைய கவ்விட்டு. இங்க நாற்காலில ஒன் ஒடம்பு கெடந்து துடிக்கு. காது வழியா ரத்தம் வருது. மூளை வெந்துட்டு."

"இன்னொரு தடவ எடுக்கேன்ணே."

"மூளை வெந்தவளுக்கு என்னட்டி இன்னொரு தடவ?"

ஸ்டீபன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு இதுதான் நமக்கு வேலை. கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜில் படித்த இரண்டு பையன்கள் சேர வந்தார்கள். முதல் நாளே இரண்டு பேரும் கேட்டிலேயே குண்டடிபட்டுச் செத்து, முகம் தொங்கிப்போய் பஸ் ஏறினார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். "அம்புட்டு தடவ செத்தவ நீதான். புதுசா வாரவனுக்கு ஒரு நோட்டு எழுதிக் குடு" என்றாய்.

பெருமை பிடிபடவில்லை எனக்கு. நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டு, 'ஹேக்கிங்: புதியவர்களுக்கு' என்று எழுதினேன். தனியாக உள்ளே போகாதே, உன் உடம்புக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் இருக்கட்டும் என்று எழுதினேன். வாசலில் பேச்சு வளர்க்காதே, வாட்ச்மேனை முதலில் முடி, அவன் விசில் ஊதினால் நாய் வந்துவிடும் என்று எழுதினேன். கிடங்கில் தீ வை, எல்லாரும் அங்கே ஓடும்போது நீ எதிர்ப்பக்கம் போ. நாயிடம் இரக்கம் பார்க்காதே, தாடைக்குக் கீழே குத்து, குத்திய கத்தியைத் திருகு. இப்படியே பன்னிரண்டு பக்கம். வாட்ச்மேன் என்பது ஒரு ப்ரோக்ராம், தீ என்பது ஒரு வைரஸ் என்று எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை. நமக்குள் விளையாடுவதற்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

மில் வரைபடம் சரியாக வரவேண்டும் என்று ஆசை வேறு. லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது நான்தானே. வயர்க்கூடையைக் கேட்டில் காளியப்பன் மாமாவிடம் கொடுத்தால் அவர் உள்ளே அப்பாவிடம் சேர்ப்பார். அந்த வாட்ச்மேன் மாமா நமக்கு வேர்க்கடலை வாங்கித் தராத நாள் உண்டா? ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டிலிருந்து கிடங்குக்கு எத்தனை அடி என்று எண்ணி நோட்டில் குறித்தேன். குறித்துவிட்டு நோட்டைத் தூக்குவாளிக்கு அடியில் வைத்தேன். அதைத் திரும்ப எடுக்க மறந்து, கூடையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மதியமே கிடங்கு பற்றி எரிந்தது. ஷட்டரைத் திறக்க ஓடிய காளியப்பன் மாமாவுக்கு முகத்தில் பாதியும் வலது கையும் வெந்தன. மில்லில் ஸ்டிரைக் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று சொல்லி, தொழிலாளர்களின் பைகளையெல்லாம் கேட்டில் கொட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் கூடையில் நோட்டு இருந்தது.

வெயில் இறங்கவில்லை, நான்கு பேர் வந்துவிட்டார்கள். மில்லுக்காக அடிதடி செய்கிற ஆட்கள். நோட்டு யாருடையது என்று கேட்கவே இல்லை. "ஏலே செல்வம், வெளிய வாலே" என்று நேராக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எப்படித் தெரிந்தது என்று அன்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"நீதான எழுதுன?"

நீ என்னைப் பார்த்தாய். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியிருந்தது. 

"நாந்தாண்ணே. அது வெளாட்டு. கம்ப்யூட்டர் வெளாட்டு."

"கம்ப்யூட்டர் வெளாட்டா? எங்கலே கம்ப்யூட்டரு? காட்டுலே!"

நம் வீட்டில் டிவிகூட இல்லை. நீ டம்ளரைக் காட்டினாய். அவன் அதைக் கவிழ்த்தான். பத்து வில்லையும் தரையில் உருண்டன. அந்த டம்ளராலேயே உன் வாயில் அடித்தான். முன்பற்கள் இரண்டு விழுந்தன. பிறகு தெருவுக்கு இழுத்துப்போய், ஒருவன் கையைப் பிடிக்க, ஒருவன் காலைப் பிடிக்க, இரும்புக் கம்பியால் முழங்காலில் அடித்தார்கள். சைக்கிள் செயினைக் கையில் சுற்றியிருந்தவன் முதுகில் அடித்தான். சட்டையோடு தோலும் வந்தது. நீ கீழே விழுந்த பிறகு வயிற்றிலேயே மிதித்தார்கள், மாற்றி மாற்றி, மூச்சு வாங்க வாங்க. தெருவே பார்த்தது. நானும் பார்த்தேன். அம்மாவின் கையைக் கடித்துவிட்டு ஓடி வந்திருக்கலாம். கடிக்கவில்லை. பயந்தேன் அண்ணே, அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அவர்களுக்குப் பயந்து, மாடியிலிருந்து விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் நாங்களே சொன்னோம். மூன்றாம் நாள் காலையில் நீ போய்விட்டாய். வயிற்றுக்குள் எல்லாம் கிழிந்திருந்தது.

மோட்டாரில் பிடித்த தீதான் அது என்று பத்து நாளில் மில்லில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாயும் வந்து நம்மிடம் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் அம்மா அடக்கினாள். "ஒண்ண குடுத்தாச்சு. இன்னொண்ணையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்லட்டி" என்றாள். ஸ்டீபன் ஒரு வருஷம் நம் தெருப்பக்கமே வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்பாதான் எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு தடவைகூட வரவில்லை. கொள்ளி வைத்தார், குளித்தார், வேலைக்குப் போனார். மூன்று வருஷமாக உன் பெயரைச் சொல்லவில்லை. உன் படத்தை மாட்டவும் விடவில்லை. காளியப்பன் மாமாவைக் கொல்லத் திட்டம் போட்டவன் தன் மகன் என்று நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். 'வாட்ச்மேனை முதலில் முடி' என்று நான் எழுதிய வரிக்கு நீ அப்பாவிடம் கொலைகாரனாக இருந்தாய். அது என்னைத் தின்றுகொண்டே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தேவதானத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அந்த நோட்ட எழுதுனது நாந்தான்ப்பா. அண்ணன் இல்ல."

"தெரியும்" என்றார்.

"அம்மா சொன்னாளா?"

"ஒன் எழுத்து எனக்குத் தெரியாதாட்டி? யூனியன் மனுவெல்லாம் நீதான எழுதித் தார." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "கேட்டுல வச்சு நோட்ட விரிச்சுக் காட்டுனானுவ. யாரு எழுத்துன்னு கேட்டானுவ. பொம்பளப் புள்ள பேரச் சொன்னா என்ன செய்வானுவளோன்னு பயந்துட்டேன். ஆம்பளப் பயன்னா ரெண்டு அடி அடிச்சுட்டு விட்ருவானுவன்னு நெனச்சேன். எம் மவன் எழுத்துன்னு சொல்லிட்டேன்."

சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ரெண்டு அடின்னுதான் தாயி நெனச்சேன்" என்றார்.

அவர் தட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன் அண்ணே. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். தடுக்கவே இல்லை, அடி என்பதுபோல உட்கார்ந்திருந்தார். என்னைக் காப்பாற்றுவதற்காக உன்னைக் கொடுத்திருக்கிறார். எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவது என்றுதான் வராமல் இருந்திருக்கிறார். அவரை வெறுக்கிறேனா, பாவம் என்று நினைக்கிறேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டும் வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாதான் உன் பெயரைச் சொன்னார் என்று அவர்கள் வந்து கூப்பிட்டபோதே உனக்குப் புரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டேதான் "நாந்தாண்ணே" என்றாயா? 

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு காளியப்பன் மாமா வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னோம். மாமா நகர்ந்து எங்களுக்கு உட்கார இடம் விட்டார். பிறகு, "வெளாட்டுல என்னைய எத்தன தடவ கொன்னட்டி?" என்று கேட்டார். எண்ணவில்லை மாமா என்றேன். வேகாத பாதி முகத்தில் லேசாகச் சிரித்தார். "அந்தப் பய எனக்கு மருமவன் மாதிரிலா. சாட்சிக்கு நான் வாரேன். வலது கை மடங்காது, எடது பெருவெரல் வைக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். "நாலு பேரு பேரும் எழுது. கேட்டுல நான் சொன்ன பொய்யையும் எழுது. ஒண்ணையும் விடாத" என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை என் வாயைப் பொத்த வரவில்லை.

மூன்று வருஷம் கழித்துக் கொடுக்கிற புகார் நிற்காது என்கிறார் வக்கீல். ஸ்டேஷனில் வாங்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன், அங்கே தள்ளினால் அதற்கு மேலே போவேன். அந்த நான்கு பேரும் கூண்டில் ஏறி உன் பெயரைத் தங்கள் வாயால் சொல்கிறவரை நான் விடப்போவதில்லை. இது உனக்குச் சத்தியம் அண்ணே. நாளைக் காலையில் மனுவையும், அதோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் கொடுக்கப் போகிறோம். 'அந்த நோட்டை எழுதியவள் நான்' என்றுதான் மனுவை ஆரம்பித்திருக்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செண்பகம்