ஸ்பீக்கரில் ஒரு கிழிசல்

4 செப்டம்பர் 1966, ஞாயிறு. மாதுங்கா

கோமதி தன் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் தேடுகிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். என் மகள் எதைச் செய்தாலும் முன்வரிசையில் நிற்க வேண்டும். சர்ச்கேட்டில் ஓர் ஓட்டல் வாத்தியக் குழுவில் முன்னின்று வாசிக்கிற லீட் கிட்டார் இடம் காலி. 25ஆம் தேதி வாசித்துக் காட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அவரவரே கொண்டுவர வேண்டுமாம்.

லாமிங்டன் ரோடு கடையில் ஒன்று பார்த்தோம். தனிச் சுரங்கள் கண்ணாடி மாதிரி விழுந்தன. பாட்டுக்குப் பின்னால் அடிக்கிற ரிதமும் சுத்தம். பியானோவில் பழகிய என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை.

"லீட்ல கடிக்கணும்மா. இது கும்பிடு போடுது."

11 செப்டம்பர்

தாராவிக்குப் போனோம். ரேடியோ பட்டறை கரீம் பாட்சா, நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வால்வு வைத்துத் தானே செய்த பெட்டி. வாய் ஓயாதவன். தனிச் சுரம் சுமார். ரிதம் கனமாக இருந்தது. லீட்? தொண்டை கட்டியவன் கத்துவது போல. முகம் சுளித்தேன். கோமதியும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன்? அவன் மனைவி அக்தர் பானு டீ கொண்டுவந்ததும் அந்தச் சந்தேகம் போயிற்று. மற்றவை போகவில்லை.

12 செப்டம்பர்

அதையே சொல்லி வைத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

23 செப்டம்பர், வெள்ளி

பெட்டி வந்தது. ஸ்பீக்கர் பழசா என்று கரீம் பாட்சாவைக் கேட்டேன். "புத்தம் புதுசும்மா" என்றான். கோமதி அவசரமாகப் பேச்சை மாற்றினாள். வாசித்துப் பார்த்தாள் – அதே கரகரப்பு.

24 செப்டம்பர்

அவள் டியூட்டிக்குப் போனதும் பின்பலகையைக் கழற்றினேன். நினைத்தது சரி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் நீளநீளமாகக் கிழிசல். புத்தம் புதுசாம்.

கான்வென்டில் பாட்டுப் புத்தகங்களை ஒட்டச் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடியே ஒட்டினேன்: மெல்லிய தாள், மைதாப் பசை. தடவினாலும் தெரியாது. கோமதியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குத் தகவல் போய்விடும். நாளைக்கு அவள் வாசித்து முடிக்கட்டும், அப்புறம் அவனை நேரில் நிறுத்திக் கேட்பேன்.

25 செப்டம்பர்

தனிச் சுரத்தையும் ரிதமையும் பாராட்டினார்களாம். லீடுக்கு வந்ததும் பெட்டி கடிக்கவில்லை, எவ்வளவு திருகியும். லீட் இடம் பாந்த்ராக்காரன் ஒருவனுக்கு. இவளுக்கு ரிதம். பின்வரிசை.

வந்ததும் பின்பலகையைக் கழற்றினாள். விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நீங்களா ஒட்டினீங்க?"

"கிழிஞ்சதைப் புதுசுன்னு உன் தலையில கட்டியிருக்கான்."

"புதுசுதாம்மா. அந்தக் கரகரப்புக்காக நான்தான் பிளேடால கீறச் சொன்னேன்."

எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கலாமே என்றாள். கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாளா? சத்தம் போட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவள் பின்பலகையைத் திருப்பி மாட்டினாள்.

2 அக்டோபர்

பெட்டி இனிமேல் பட்டறையிலேயே இருக்குமாம். இங்கே ஈரம், வால்வு கெட்டுவிடும் என்றாள். தாராவிச் சதுப்பில் இல்லாத ஈரமா மூன்றாவது மாடியில்? நான் நம்பவில்லை.

கரீம் பாட்சா வந்து தூக்கிப் போனான். அவ்வளவு பேசுகிறவன், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோமதி கிட்டாரையும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள்.