ரேடியோவில் சொன்ன நடுகல்

அரூர்
திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

பஞ்சாயத்து ரேடியோவில் உங்கள் பேச்சை ஊரே கேட்டது. பேப்பரில் போட்டோவும் பார்த்தோம். காலேஜில் மாலை போட்டார்களாமே, சந்தோஷம்.

நம் கொல்லையில் மாமா வருஷாவருஷம் பொங்கல் வைக்கிற நடுகல், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் வீரனுடையது என்று அதன் எழுத்தைப் படித்துச் சொன்னீர்கள். அந்த ஊர்க்காரர்கள் நேற்று வந்தார்கள்.

"உங்க பையனே ரேடியோல சொல்லிட்டாருங்க. வெள்ளிக்கிழம எங்க சாமிய எடுத்துக்கிறோம்."

மாமா இன்று விடிந்ததிலிருந்து வேல்கம்போடு கல்லருகிலேயே உட்கார்ந்திருக்கிறார். சோறு கொண்டுபோனேன். "எனக்கும் இங்கயே ஒரு கல்லு நட்டுருங்க" என்கிறார்.

வியாழனுக்குள் வந்துவிடுங்கள். தப்பாகப் படித்துவிட்டேன் என்று இரண்டு ஊர் முன்னாலும் சொல்லுங்கள். காலேஜில் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி