சைக்கிளுக்கு இடம் தராத அண்ணாச்சிக்கு

இன்று காலை பிரஸ் கொட்டகைக்குள் ஒரு புது சைக்கிள் நின்றது. பாரில் சுற்றியிருந்த காக்கித் தாளை இன்னும் பிரிக்கவில்லை. பைண்டிங்கில் இருப்பவர் நேற்றுதான் விருதுநகரில் எடுத்து வந்தாராம். புது டயர் வாசனையும் கிரீஸ் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், அண்ணாச்சி, உம் ஞாபகம் வந்துவிட்டது. நீர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. செத்துப்போனவர்களை நினைத்தால் மனசு இளகும் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

'நீர்' என்று எழுதுகிறானே என்று பார்க்க வேண்டாம். உயிரோடு இருந்தவரைக்கும் வாய் நிறைய 'நீங்க, சொல்லுங்க' என்று கைகட்டி நின்றாயிற்று. நீர் மானேஜர், நான் படம் வரைகிறவன். இனிமேல் அந்த வேஷம் எதற்கு? 'நீ' என்றே எழுதியிருப்பேன். மூத்தவர்களை அப்படிச் சொன்னால் என் அம்மா சோறு போடமாட்டாள். அவளுக்காகத்தான் இந்த 'நீர்'.

நான் சிவகாசிக்கு லித்தோ ஆர்ட்டிஸ்டாக வந்து சேர்ந்தபோது பிரஸ்ஸில் பாதிப் பேருக்கு மேல் சைக்கிளில் வருகிறவர்கள்தான். திருத்தங்கல் பக்கமிருந்தும் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்தும் மிதித்து வந்து, காம்பவுண்டுச் சுவரின் உட்பக்கம் சாய்த்துவிட்டு வேலையைப் பார்ப்போம். காலண்டர் படங்களைக் கல்லில் வரைவது என் வேலை. முருகனையும் லட்சுமியையும் வரைந்துகொண்டிருக்கும்போது சைக்கிளைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை.

முதலாளி ஒரு கார் வாங்கினார். அந்தக் காருக்கு ஒரு மூலை போதும். முதலாளி எங்களை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீர்தான் வாசலில் நின்று சத்தம் போட்டீர்.

"ஆர்டர் குடுக்க மெட்ராஸ்லயிருந்து ஆளுக வாராக. கேட்டத் தொறந்ததும் அவுக கண்ணுல ஒங்க ஓட்ட சைக்கிளா படணும்? எடுங்கலே எல்லாத்தையும் வெளிய."

வெளியே என்றால் பக்கத்துச் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அதில் எங்கள் சைக்கிள்கள் ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிக்குள் புகுந்து, பிரிக்க முடியாமல் கிடக்கும். ஒன்றை இழுத்தால் வரிசையே சரியும். எதிர் வீட்டம்மா, 'எங்க வாசல்லயா கொண்டாந்து நிறுத்துறீக?' என்று கழுநீரை அதன் மேலேயே கொட்டுவாள். ஆடுகள் சீட்டு உறையைக் கடித்துத் தின்றன. சித்திரை வெயிலில் டியூப் வெடிக்கிற சத்தம் உள்ளே கேட்கும். யாருடையது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். உம் சைக்கிள் மட்டும் மாடிப்படிக்கு அடியில், துணி போர்த்தி, மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை இருந்தது. அதற்கடியில் உடைந்துபோன லித்தோ கற்கள் கிடந்தன. இனி எதற்கும் ஆகாத கற்கள். நாங்கள் நாலைந்து பேர் உம்மிடம் வந்தோம். நான்தான் பேசினேன்.

"அண்ணாச்சி, அந்த ஒடஞ்ச கல்ல ஓரமா அடுக்கிட்டா சைக்கிள அங்கன விட்டுக்கிருவோம். நாங்களே அடுக்கிருதோம். கம்பெனிக்கு ஒரு செலவும் இல்ல."

நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். "இன்னைக்கிச் சைக்கிளுக்கு நெழலு கேக்கீக. நாளைக்கிப் பாயும் தலகாணியும் கேப்பீக. போங்கலே, போயி வேலயப் பாருங்க."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். உமக்குப் பயந்து சிரித்த சிரிப்பு அது. எனக்குக் காது சுட்டது. உடைந்த கல்லுக்குக் கூரை போட்டு வைத்திருக்கிற மனுஷன், நாங்கள் வியர்க்க வியர்க்க மிதித்து வருகிற வண்டிக்கு ஒரு ஓரம் தர மாட்டேன் என்கிறாரே என்று அன்றைக்கெல்லாம் கை ஓடவில்லை. உமக்கடுத்து வந்த மானேஜர் முதல் வாரத்திலேயே கற்களை ஒதுக்கி அந்த இடத்தைச் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அதை நினைத்தால் உம் மேல் கோபம் இன்னும் இரண்டு மடங்காகிறது.

என் சைக்கிள் மாமனார் எடுத்துக் கொடுத்தது. கல்யாணத்துக்கு அவர் ஒப்புக்கொண்ட ஒரே சீர். கரிசல் காட்டில் பருத்தி போடுகிறவர். உழவு மாட்டில் ஒன்றை விற்றுத்தான் அதை வாங்கினார். மிச்சமிருந்த ஒற்றை மாட்டைப் பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டோடு சேர்த்துக் கூட்டு ஏர் உழுதார். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் அந்தச் சைக்கிளைச் சந்தில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நடுநடுவே எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அதையும் கண்டுபிடித்துவிட்டீர்.

"ஏலே, நீ படம் வரைய வந்தியா, பாரா பாக்க வந்தியா? இன்னொரு தடவ எந்திரிச்சா அப்படியே வீட்டுக்குப் போயிரு."

காலண்டர் சீசன் நேரம். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. எழுந்திருக்காமல் வரைந்தேன். பொழுது சாயும்போது வெளியே வந்தால், வரிசையில் என் சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. பூட்டு உடைந்து சாக்கடை ஓரம் கிடந்தது.

உம்மிடம் ஓடி வந்தேன். நீர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர். படிக்கு அடியிலிருந்த வண்டியை வெளியே எடுத்துக்கொண்டே கேட்டீர்.

"சைக்கிளுக்குக் காவல் காக்க நான் என்ன ஐயனாரா? வெளிய நிக்கிற வண்டிக்குக் கம்பெனி பொறுப்பில்ல."

"வெளிய விடச் சொன்னதே நீங்கதான அண்ணாச்சி?"

"எதுத்துப் பேசுறியா? காலு நல்லாத்தான இருக்கு? நடந்து வா."

சொல்லிவிட்டு, என் முன்னாலேயே சைக்கிளில் ஏறி, மணியடித்துக்கொண்டு போனீர். வழியில் யாருமே இல்லை. எதற்கு அந்த மணி என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

நடந்துதான் போனேன். நடந்துதான் வந்தேன். சில நாள் கழித்து மாமனார் மகளைப் பார்க்க வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாப்ளே, வண்டியக் காணோமே?"

"கூட்டாளி ஒருத்தன் வாங்கிட்டுப் போயிருக்கான், மாமா."

"அதான பாத்தேன். பத்திரமா வச்சுக்கிருங்க. நல்ல வண்டி."

என் பெண்டாட்டி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர் போன பிறகு அவள் அழுத அழுகைக்கு நீர்தான் பொறுப்பு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உம்மை ஊரே பார்த்துச் சிரிக்க வைக்க வேண்டும். பிரஸ்ஸில் எல்லார் முன்னாலும் நீர் கூனிக் குறுக வேண்டும். அது நடக்காமல் எனக்குத் தூக்கம் இல்லை.

வழியும் தானாக வந்தது. அடுத்து வந்த ஆர்டர் காளி படம். அசுரன் நெஞ்சின் மேல் கால் வைத்து, சூலத்தை ஓங்கி நிற்கிற காளி. ஆத்தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் காலுக்குக் கீழே யாரைப் போடுவது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் தொழிலில் கல்லில் வரைகிற படம் தாளில் இடவலம் மாறி விழும். அதனால் எதையும் மாற்றித்தான் வரைய வேண்டும். ஆத்தாளையும் சூலத்தையும் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு ஒழுங்காகத்தான் ஏற்றினேன். அசுரன் முகத்துக்கு மட்டும் தாளும் இல்லை, ஒன்றும் இல்லை. மனசில் இருந்த உம்மை அப்படியே கல்லில் இறக்கினேன். உம் கிளி மூக்கு. மோவாய்ப் பள்ளம். இடது கன்னத்தில் மூக்கை ஒட்டி இருந்த அந்த மிளகளவு மரு. புள்ளி புள்ளியாக வைத்து வைத்து, இத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு ஆசையாக நான் எந்தத் தெய்வத்தையும் வரைந்ததில்லை.

முதல் புரூஃப் வந்தது. மிஷின்மேன் தாளைத் தூக்கிப் பிடித்து, "யாரையோ பாத்தாப்புல இருக்கே" என்றார். "யாரு?" என்றேன். உற்றுப் பார்த்தார். "தெரியல. யாரோ" என்று கொடுத்துவிட்டார். இன்னும் சிலர் பார்த்தார்கள். ஒருவருக்கும் பிடிபடவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். மரு வலது கன்னத்தில் இருந்தது.

ஆத்திரத்தில் மாற்றி வரைய மறந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம். முகம் முழுக்க இடவலம் மாறிப் போய், உம்மைத் தினம் பார்க்கிறவர்களுக்கே அது நீராகத் தெரியவில்லை. யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது.

புரூஃப் உம் மேசைக்குப் போனது. லென்ஸை வைத்துப் பார்த்தீர். அசுரன் முகத்தில் லென்ஸ் நின்றது. வெகுநேரம் நின்றது.

"அசுரன் நல்லா வந்திருக்கான்" என்றீர். "ஓட்டச் சொல்லு."

அவ்வளவுதான். லோடு லோடாகப் படம் போனது. டீக்கடையில், பலசரக்குக் கடையில், இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற வழியில் பூக்கடையில், எங்கே பார்த்தாலும் ஆத்தா காலடியில் நீர் கிடந்தீர். அது நீர் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வெளியே சொன்னால் வேலை போகும். தனியாக எத்தனை நாள் சிரிக்க முடியும்? மருவை ஒரு கன்னம் தள்ளி வைத்துவிட்ட என் கையை நானே திட்டிக்கொண்டேன். நீர் கடைசிவரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றீர். அந்த மாலையை வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன்.

நீர் போன செய்தி கேட்டு, காரியம் முடிந்த பிறகு, துட்டி கேட்க உம் வீட்டுக்கு வந்தேன். வராமல் இருந்திருக்கலாம். உம் நாற்காலி காலியாகக் கிடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. உள்ளே போனால், நடு அறைச் சுவரில் நீர் சவரம் செய்கிற கண்ணாடி. அதை ஒட்டி, சட்டம் போட்டு, பூச் சார்த்தி, என் காளி.

நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை மதினி, அதான் உம் வீட்டம்மா, கவனித்துவிட்டார்கள்.

"அந்தப் படம்னா அவுகளுக்கு உசுரு, தம்பி. அசுரன நல்லாப் பாருங்க. அது யாருன்னு நெனைக்கீக? அவுகதான்."

படத்துக்கு இன்னும் கிட்டத்தில் போய் நின்றேன்.

"எனக்கும் மொதல்ல தெரியல. கண்ணாடியில என் மொகத்தப் பாரு, அப்பறம் படத்தப் பாருன்னாக. பாத்தா அச்சு அசலா இவுக. எவன் இப்படிச் செஞ்சான்னு நான் கொதிச்சேன். அவுக விழுந்து விழுந்து சிரிக்காக. 'நம்ம ஆபீஸ் பயதான் எவனோ. என்னய அசிங்கப்படுத்துறதா நெனச்சு ஆத்தா காலுக்கடியில கொண்டு போட்டிருக்கான். தவங் கெடந்தாலும் இந்த எடம் கெடைக்குமாடி'ன்னாக. தெனமும் சவரம் பண்ணிட்டு அதக் கும்பிட்டுட்டுத்தான் கெளம்புவாக. சாகுறப்பக்கூட அதப் பாத்துக்கிட்டேதான் போனாக."

மனிதனுக்குத் தன் முகம் கண்ணாடியில்தானே தெரியும்? கண்ணாடியில் இடவலம் மாறித்தானே தெரியும்? ஊரில் ஒருவருக்கும் பிடிபடாத முகம், லென்ஸை வைத்த அந்த நிமிஷமே உமக்கு மட்டும் பிடிபட்டிருக்கிறது. என் அம்பு நேராக உம்மிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நீர் அதை எடுத்துக் கிரீடத்தில் செருகிக்கொண்டீர்.

"அத வரஞ்சவனுக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார்கள் மதினி. "நீங்களும் அங்கனதான வேல பாக்கீக. யாருன்னு தெரியுமா தம்பி?"

"தெரியாது மதினி" என்றேன். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று.

இந்த சீசனுக்கும் ஒரு காளி படம் வந்திருக்கிறது. மற்றதெல்லாம் முடித்துவிட்டு, அசுரன் முகத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு முடிவோடுதான் இன்று உட்கார்ந்தேன். எங்கள் வண்டிகளைச் சந்து வெயிலில் போட்ட உமக்கு ஆத்தா காலடி எதற்கு? ஊர் பேர் தெரியாத எவனாவது கிடக்கட்டும். உம்மை அங்கிருந்து கிளப்பியே தீர வேண்டும்.

இந்தத் தடவை முதலில் டிரேசிங் தாளில் வரைந்தேன். மூக்கைச் சப்பையாக்கினேன். மோவாயை மறைத்துத் தாடி வைத்தேன். மரு வைக்கவில்லை. தள்ளி நின்று பார்த்தால், தாடிக்குள்ளிருந்து நீர் திருப்தியாகப் பார்க்கிறீர். அழித்தேன். முகத்தை ஒல்லியாக்கினேன். கன்னம் ஒட்டிப்போன நீர். அதையும் அழித்தேன். இத்தனை வருஷம் உம்மையே கறுவிக் கறுவி, என் கைக்கு வேறு அசுரனே தெரியாமல் போய்விட்டது. மிஷின்மேன் வந்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். தாள் தேய்ந்து ஓட்டை விழப் பார்க்கிறது. நான் அழித்துக்கொண்டிருக்கிறேன்.