‘நேற்று’ வந்தால் ‘ஹேவ்’ வராது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு இப்படி எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுதால் நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அதனால் சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நீ கேட்ட இரண்டு சான்றுகளும் என்ன ஆயின.
2. அந்த மாணவனின் நோட்டில் நீ திருத்திய வாக்கியம் சரியா, தவறா.
3. மாப்பிள்ளை மேல் குற்றமில்லை என்பது.
4. நீ இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துப்போய், அவருக்குப் பாடம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருப்பதே நல்லது என்பதற்கான காரணங்கள்.

இனி முதலாவது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் அந்தப் பள்ளி இந்த வருஷம் விதியைத் தளர்த்தியிருப்பதாக எழுதியிருந்தாய். ஆங்கிலம் தாய்மொழி என்று பட்டியலில் உள்ள அந்தச் சில நாடுகளின் குடிமக்கள் மட்டுமே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்றிருந்தது போய், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட மற்ற நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்று வந்திருக்கிறது. அதற்கு நீ இந்நாட்டுக் குடிமகள் என்பதற்கு ஒரு சான்று. இங்கே ஆங்கிலம் ஆட்சிமொழி என்று அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். உடனே புறப்பட்டேன்.

குடியுரிமைச் சான்று கிடைத்துவிட்டது. கிடைத்த விதத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த குமாஸ்தா உன் பிறப்புப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பொண்ணு இங்கதான் பொறந்தாங்கறதுக்கு யார் சாட்சி?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “நீங்க பாத்தீங்களா?” என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன் என்றேன். “அப்ப பாக்கல” என்றார். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். “நான் அங்க இல்லாம இவ எப்படிப்பா வந்திருப்பா?” என்று அவள் கேட்டதில் வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

இரண்டாவது கடிதம் கிடைக்கவில்லை. இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று யோசித்தேன், வழி தெரியவில்லை. ஆங்கிலம் ஆட்சிமொழியா என்று எழுதித்தர அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லையாம். மாடியில் பெரிய அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார். “எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் எழுதுறோம் பெரியவரே. ஆனா அது ஆட்சிமொழின்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு எவனாவது கேஸ் போடுவான். எழுதுறது வேற, எழுதுறோம்னு எழுதிக்குடுக்கறது வேற” என்றார். அவர் மேஜையில் இருந்த கோப்புகள், சுவரில் இருந்த அறிவிப்பு, அவர் பேனாவால் கிறுக்கியிருந்த குறிப்பு எல்லாமே ஆங்கிலம். அப்படியானால் தர இயலாது என்றாவது எழுதித் தாருங்கள், மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். தட்டச்சு செய்து கொடுத்தார்கள். ஆங்கிலம் இவ்வலுவலகத்தின் மொழி என்று உறுதியளிக்கும் நிலையில் இவ்வலுவலகம் இல்லை என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது. பழக்கதோஷத்தால் பென்சிலை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. பிழை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“தேங்க் யூ, சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முதலாவதை மட்டும் அனுப்பினால் பட்டியலில் இல்லாத நாட்டைச் சேர்ந்தவள் நீ என்பதற்கு நாமே அத்தாட்சி கொடுத்ததாகிவிடும். அதையும் யோசித்துக்கொள்.

இரண்டாவது விஷயம். நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ‘நேற்று அவனைப் பார்த்தேன்’ என்பதை மாப்பிள்ளை வகுப்பில் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று சொல்லிவிட்டார். மாணவன் அப்படியே எழுதினான். வீட்டுக்கு வந்த நோட்டில் நீ ‘ஹேவ் சீன்’ என்பதை அடித்து ‘சா’ என்று எழுதினாய். அந்தப் பையனின் அப்பா நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார். திருத்தியது யார் என்று அவர் கேட்டார். மனைவி என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த மொழி பேசும் நாட்டுக் குடிமகன் சொன்னதே சரி, உரிமையில்லாத கை இனி நோட்டைத் தொடக்கூடாது என்று தலைமையாசிரியர் உத்தரவு போட்டுவிட்டார். இவ்வளவுதானே?

நீ கேட்டாய்: “அப்பா, நான் தப்பாப் போட்டுட்டேனா?” ஆங்கிலம் படித்து, பத்து வருஷத்துக்கு மேல் அதையே கற்பித்தவள் இதைக் கேட்கிறாளே என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் எனக்கும் சந்தேகம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அங்கே பிறந்தவர்கள் பேச்சில் அப்படியும் சொல்வார்களோ, என் இலக்கணம்தான் பழசாகிவிட்டதோ என்று அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது. முடிந்துபோனது முடிந்துபோனதுதான். நீ திருத்தியது சரி. முழுவதும் சரி.

இதை உன் அம்மாவிடம் விளக்கினேன். “ஹேவ்னா என்னங்க?” என்று கேட்டாள். வைத்திருப்பது என்றேன். “அப்ப சரியாத்தான் இருக்கு. அவர் பாஸ்போர்ட் வச்சிருக்கார், எங்க வேணும்னாலும் போடலாம். உங்க பொண்ணு கையில என்ன இருக்கு? சிவப்புப் பேனா” என்றாள்.

மூன்றாவது. மாப்பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை, உனக்கும் இருக்க வேண்டாம். அவர் பெற்றோர் பட்டியலில் உள்ள ஒரு நாட்டுக்குக் கூலிவேலைக்குப் போன இடத்தில் அவர் பிறந்தார், நடக்கக் கற்குமுன் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்துவிட்டார். அந்த ஊரின் காற்றைத் தவிர அவர் அங்கே எதையும் படிக்கவில்லை. இந்தப் பள்ளி வேலைக்கு நீங்கள் இருவரும் விளையாட்டாகச் சேர்ந்தே விண்ணப்பித்தீர்கள். உன்னுடையது திரும்பி வந்தது. ஏசி ரிப்பேர் பார்ப்பவருக்கு ஆங்கில வாத்தியார் வேலை வந்தது. தெருவே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். உனக்காகத்தானே போகச் சம்மதித்தார்? அங்கே போய்விட்டால் உனக்கும் எப்படியாவது ஒரு வகுப்பு கிடைக்கும் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்தோம்?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் அவர் எனக்குப் போன் செய்தார். பள்ளி மாடிப்படியில் நின்று பேசுவதாகச் சொன்னார். “மாமா, அவ போட்டதுதான் சரின்னு எனக்குத் தெரியும். வீட்லயே சொன்னா. ஆனா அந்தாளு முன்னாடி வாய் வரல, யெஸ் சார்னுட்டேன்” என்றார். பிறகு, “கம்ப்ரஸரைப் பிரிக்கும்போது கை நடுங்காது மாமா. சாக்பீஸைப் பிடிச்சா நடுங்குது” என்றார். நான் அவரைத் தேற்ற நினைத்து, நம் வீட்டு ஃபிரிட்ஜ் இப்போதெல்லாம் இரைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அடுத்த நிமிஷமே அவர் குரல் மாறிவிட்டது. பின்பக்கத் தூசியைத் துடைக்கச் சொன்னார், கால்களைச் சமமாக வைக்கச் சொன்னார், ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். நல்ல ஆசிரியர், அவருக்குத் தெரிந்ததில். இரைச்சல் நின்றுவிட்டது.

நான்காவதற்கு வருகிறேன். நீ பொறுத்துப்போக வேண்டும் என்பதற்கு முதல் காரணம், ஒப்பந்தம் முடியும் முன் அவர் வேலையை விட்டால் இருவருக்கும் அங்கே தங்க அனுமதி இல்லை. இரண்டாவது காரணம், நோட்டைத் தொடக்கூடாது என்றுதான் உத்தரவு. வீட்டில் நீ எழுதித்தரும் பாடத்தை அவர் வகுப்பில் படித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் வாக்கியங்கள் அவர் குரலிலாவது அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும். மூன்றாவது காரணம்

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருந்தாள். “இல்லேன்னு எழுதிக் கையில குடுத்தவனுக்கு நீங்க தேங்க் யூ சொல்லிட்டு வந்தீங்க. சரி, உங்க சுபாவம். அதை எதுக்கு அவளுக்கும் சொல்லிக்குடுக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன.

மூன்றாவது காரணம் என்னவென்று யோசித்தேன். அது பயம். உன்னுடையதும் இல்லை, மாப்பிள்ளையுடையதும் இல்லை, என்னுடையது. அதைக் காரணம் என்று எழுத முடியாது. அதை நீக்கியபின் முதலிரண்டு காரணங்களையும் திரும்பப் படித்தேன். அவையும் அதே கையெழுத்தில்தான் இருக்கின்றன.

புதுத் தாளில் எழுதினால் அழகாக இருக்கும். வேண்டாம், இதுவே வரட்டும். இனி அவருக்குப் பாடம் எழுதிக்கொடுக்காதே, அம்மா. வேலையை விட்டுவிட்டு இருவரும் கிளம்பி வந்துவிடுங்கள். அவரிடம் நீயே சொல். அவர் கோபப்பட மாட்டார். மாடிப்படியில் கேட்ட குரலை வைத்துச் சொல்கிறேன், சுமையை இறக்கி வைத்ததுபோல் இருப்பார். அவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது, தெருவில் பாதிப் பேர் வீட்டில் ஏசி ஓடவில்லை. உனக்கு அப்படி எதுவும் இங்கே காத்திருக்கவில்லை. எழுதித்தர மறுத்த ஊர்தான் இதுவும். ஆனால் இங்கே நீ நோட்டைத் திருத்தினால் யார் கை என்று கேட்க மாட்டார்கள்.

நீங்கள் இருவரும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்பதே என் ஆசி. மேலே வரிசையில் உள்ள நான்காவது எண் தவறு. அடித்திருக்கிறேன், பார்.

உன் அப்பா