மதியத்துக்கு மேல் காட்ட வேண்டிய வீடு

தர்ஷினி அப்பாவுக்கு,

போனில் சொன்னால் கத்துவீர்கள். அதனால் எழுதி, திங்கட்கிழமை பஹ்ரைன் திரும்பும் செல்வம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

லீவு நாளில் வந்து தங்க நம் நெட்டுக்குப்பத்து வீட்டை வாடகைக்குக் கேட்டவர்கள் நேற்று வந்தார்கள். "மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லு, கடல் காத்து வந்துகினு இருக்கும், அனல்மின் நிலையச் சாம்பல் தெரியாது" என்றீர்களே, அப்படியே செய்தேன். காலையிலேயே ஜன்னல், மாடி எல்லாம் கழுவிவிட்டேன். அவர்களுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிஸ்கட் வைக்கத் தட்டை எடுத்தேன். இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி, கை தானாக முந்தானையால் அதைத் துடைத்துவிட்டது. முந்தானை கறுத்ததை அந்த அம்மா பார்த்தாள்.

"என்னங்க அது?"

"அடுப்புக் கரிம்மா" என்றேன். நம்பிவிட்டாள்.

மாடியில் ஓடியாடிய அவளுடைய சின்னப் பெண்ணுக்கு இழுப்பு வந்தது. பையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்து அதன் வாயில் வைத்தாள். தர்ஷினிக்காக நம் அலமாரியில் இருந்த அதே நீலக் குழாய்.

"கடல் காத்து இவளுக்கு நல்லதுன்னுதான் வீடு பார்க்கிறோம். உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. பெரம்பூர்ல எங்க அக்கா வூட்ல கீது."

ஏன் அங்கே என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸோடு வருகிறார்கள். சூரிய உதயம் நன்றாக இருக்கும், ஐந்தரைக்கே வந்து மாடியில் உட்காருங்கள் என்று நானேதான் சொன்னேன். அந்த நேரத்தில் கரைக்காற்று, புகைபோக்கிப் பக்கமிருந்து நேராக நம் மாடிக்கு அடிக்கும்.

அன்றைக்கு நான் எதையும் கழுவப் போவதில்லை.

உங்கள் மகளின் அம்மா