படகுக்குள் ஏறிய தண்ணீர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்று. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து முதல் பஸ். குமாரபாளையம் படித்துறைக்கு வந்தபோது நல்ல பசி. அணையில் திறந்துவிட்ட தண்ணீர் மேல்படி வரைக்கும் கலங்கலாகப் போகிறது.

கூப்பிட்டது சலீம் பாய். இங்கே லுங்கி, துண்டு மொத்த வியாபாரம். சுற்றுலா சவாரி விடலாம் என்று கேரளாவில் ஏலத்தில் ஒரு ஜெட் படகு எடுத்தார். அனுமதி வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நேற்று ஆடிப் பதினெட்டு. குளிக்க இறங்கிய பையனை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெயர் கோகுல். காலேஜ் படிக்கிறவன். தீயணைப்பு ஆட்கள் ரப்பர் படகில் பொழுது சாயும்வரை தேடினார்களாம். பாறைப் பக்கம் போனால் ரப்பர் கிழிந்துவிடும். பரிசல்காரர்கள் இந்தத் தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதிலும் தப்பில்லை. பாயின் படகுக்கு அடியில் விசிறி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீச்சி ஓடுவது. பாறை மேல் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், ஏறிப் போகும்.

போகும், ஆனால் போகவில்லை. பாய் இறக்கிப் பார்த்திருக்கிறார். எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறி, பெல்ட் அதை வாரி அடித்து, எஞ்சின் நின்றுவிட்டது. கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள்.

நான் போர்வெல் ரிக் வண்டி கம்ப்ரசர் மெக்கானிக். பதினைந்து வருஷமாகத் திருச்செங்கோட்டில் பட்டறை. படகை வாழ்நாளில் தொட்டதில்லை. சொன்னேன். "எஞ்சின் எஞ்சின்தானப்பா ஆரோக்கியம். நீ பாரு" என்றார் பாய்.

எஞ்சின் அறைக்குள் ஒரு ஆள் படுத்தால் திரும்ப முடியாது. டார்ச் பிடிக்க ஆள் கேட்டேன். கரையில் நின்ற ஒருவர் வந்தார். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "யோவ், வெளிச்சத்த ஆட்டாதய்யா, அங்க காட்டு, அங்க!" என்று கத்தினேன். "சரிங்க, சரிங்க" என்றார். எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் விறகாக இறுகி, கிளிப் ஓரத்தில் பிளந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அவர் முதுகில் தட்டினேன்.

வெளியே வந்ததும் பாய் காதில் சொன்னார். "அவர்தான் பையனோட அப்பா. சின்னராசு."

என்னத்தைச் சொல்ல. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லாரி குழாய் வாங்கி மாட்டி, தண்ணீரில் இறக்கி, ஓட்டினோம். மறுபடி தண்ணீர். முன்னைவிடக் குறைவு, ஆனால் ஏறுகிறது. ஒரு ஓட்டை இல்லை. சனியன், பல ஓட்டை.

பையனின் அம்மா பூங்கொடி படியில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ "பாடி" என்று சொல்லப்போக, பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். "எம் பையன் எங்கியோ பாறையப் புடிச்சுட்டு உக்காந்திருப்பான். வாயக் கழுவீட்டு வாங்க!" 

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாய் வீட்டு மாடியில் தூக்கம். தூக்கம் என்ன தூக்கம். தறிச் சத்தம் விடிய விடிய.

வாங்கியது: ஸ்டீல் கிளிப், சிலிக்கான் டியூப் 2, கிளாண்டுக் கயிறு, பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. டீ குடிக்க மறந்துபோச்சு.

தண்ணீரில் மிதக்கும்போது ஓட்டை தேடுவது வீண் வேலை. படகைக் கரைக்கு ஏற்றி உள்ளே தண்ணீர் ஊற்றினால் வெளியே எங்கே ஒழுகுகிறதோ அதுதான் ஓட்டை. ரேடியேட்டருக்குச் செய்வதுதான். ஒழுக்கு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாயப்பட்டறையிலிருந்து கொஞ்சம் சாயம் கேட்டேன். கொடுத்தது சிவப்பு. கலக்கி ஊற்றினேன். படகின் பின்புறத்திலிருந்து சிவப்பாக வடிந்து, மணலில் ஓடி, படிக்கட்டுப் பக்கம் போனது.

பூங்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நீலம் கேட்டிருக்கலாம். பச்சை கேட்டிருக்கலாம். அறிவு எங்கே போச்சு எனக்கு?

ஒழுக்கு இரண்டு இடம். ஒன்று, பின்பலகையில் போல்ட் துளைகள். பழைய பசை உதிர்ந்திருக்கிறது. கழற்றி, சுரண்டி, சிலிக்கான் வைத்து முடுக்கினேன். இரண்டாவது கிளாண்டு. எஞ்சினிலிருந்து வரும் தண்டு சுற்றிக்கொண்டே ஜெட்டுக்குள் நுழையும் இடம். அங்கே தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து, நட்டுப் போட்டு நெருக்கியிருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் கயிற்றுக்குப் பதில் தறி நூலைத் திணித்து வைத்திருக்கிறான். பாலியஸ்டர். சூட்டில் உருகிக் கல்லாகியிருந்தது. இந்த ஊரில் எதற்கும் நூல்தான் வைத்தியம். பாயைப் பார்த்தேன். பாய் ஆற்றைப் பார்த்தார்.

சுரண்டி எடுக்கவே மதியம் ஆகிவிட்டது. புதுக் கயிறு வளையம் வளையமாக வெட்டித் திணித்து, நட்டை முடுக்கினேன். சின்னராசு டார்ச். இன்றைக்கு வெளிச்சம் ஆடவில்லை.

ரிக் தொழிலில் ஒரு வழக்கம். வண்டி ஆந்திராவுக்குப் புறப்படும் முன் முதலாளி வெள்ளைத் துணியால் ஒவ்வொரு ஜாயிண்டையும் துடைத்துப் பார்ப்பார். துணியில் எண்ணெய் ஈரம் பட்டால் வண்டி நகராது, மெக்கானிக் மானமும் போகும். நானும் துணி எடுத்துத் துடைத்தேன். ஈரம். இன்னும் கால் சுற்று. ஈரம். இன்னும்.

"முழுசா நின்னுபோச்சுங்களா மேஸ்திரி?" என்று சின்னராசு கேட்டார்.

துணி காய்ந்திருந்தது. "ஒரு சொட்டு வராதுங்க" என்றேன். அந்த மனுஷன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம். இரண்டு நாளில் முதல் தடவை.

பாய் ஓட்ட, நான் எஞ்சின் பக்கம், சின்னராசு முன்னால். உள்ளே தண்ணீரே இல்லை. படகு சீறிக்கொண்டு போனது. பாறைக் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கருகின வாடை. அப்புறம் புகை. தண்டு இறுகி எஞ்சின் நின்றது. வெள்ளம் எங்களைப் பக்கவாட்டில் இழுக்க, படகில் கிடந்த மூங்கிலை ஊன்றி ஊன்றி எப்படியோ கரை சேர்ந்தோம்.

கிளாண்டு சொட்ட வேண்டும். அந்தச் சொட்டுத்தான் கயிறு கருகாமல், தண்டு தேயாமல் குளிர வைப்பது. தோட்டத்து மோட்டார் ஓட்டும் எவனும் சொல்வான். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் முடுக்கினேன். காற்றுக் கம்ப்ரசருக்குப் பழகிய கை, தண்ணீருக்கு அதே கணக்கைப் போட்டது. அது மட்டும் இல்லை. சின்னராசு கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல். தண்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பாலம் தாண்டி பவானிக்கு. லேத் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "என்னங்க இப்பிடிக் கோடு வுழுந்திருக்குது, காயவச்சே ஓட்டுனீங்களா?" என்றார்.  கடைந்து, தேய்ந்த இடத்தில் புஷ் போட்டுக் கொடுக்க மாலை ஆகும் என்றார்.

ஒரு நாள் போச்சு. முழுசாக ஒரு நாள்.

ஊரிலிருந்து மனைவி ஸ்டெல்லா போன். கோவிலில் அந்தப் பையன் பேரைச் சொல்லிப் பூசை வைக்கட்டுமா என்று கேட்டாள். வை என்றேன். எனக்கும் சேர்த்து வை என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை.

படித்துறையில் பூங்கொடி இன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டாள். பாறையைப் பிடித்திருப்பான் என்பது இல்லை. என்னிடமே வந்தாள். "ஏனுங்க, உசுரோட வேண்டாமுங்க. மொகத்த ஒருக்கா காட்டிருங்க. வாய்க்கரிசி போடோணுமுங்க. தண்ணிக்குள்ள ரொம்ப நாளு கெடந்தா மொகம் போயிருமாமா? சொல்றாங்க."

"நாளைக்குக் கண்டிப்பாப் போயிடலாங்கம்மா" என்றேன். கேட்டதற்குப் பதில் அது இல்லை.

சின்னராசுவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். பாய் தடுத்தார். "சொல்லி என்ன ஆகப்போகுது? உனக்கு மனசு லேசாகும், அவருக்குக் கனமாகும்." நியாயம்தான். ஆனாலும் சொன்னேன். என் தப்பு, நான் முடுக்கியதுதான் கருகியது, இல்லையென்றால் நேற்றே போயிருக்கலாம் என்று. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். 

"நாளைக்கு ஓடுமுங்களா?"

"ஓடும்."

"அப்பச் செரிங்க."

அவர் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடிந்ததும் வேலை. தண்டு, புதுக் கயிறு. நட்டை விரலால் திருப்பி, அதற்கு மேல் சும்மா ஒரு தொடல். சொட்டு... சொட்டு... அப்படியே விட்டேன். துணியை எடுக்கவே இல்லை. கை பரபரத்தது, எடுக்கவில்லை.

உள்ளே சேரும் தண்ணீரை மொண்டு ஊற்ற ஒரு மக்கு. கிளாண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பாய் நன்றாக ஓட்டினார். மனுஷன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, துவா.

இரண்டாவது பாறைக்கும் மூன்றாவது பாறைக்கும் நடுவே வேரோடு வந்த கருவேலமரம் சிக்கியிருக்கிறது. அதில்தான். முதலில் பார்த்தது சின்னராசு. "பாய், நிறுத்துங்க" என்றார், பஸ்ஸில் இறங்குகிறவர் மாதிரி அமைதியாக.

சட்டையை வைத்து அடையாளம் சொன்னார். ஆடிக்கு எடுத்த புதுச் சட்டை. முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். மீன்களும் பாறையும் நாலு நாளும். செவ்வாய்க்கிழமை எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் இனி இருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் தூக்கினோம். சின்னராசு தன் துண்டை அவிழ்த்து முகத்தை மூடித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். ஒரு தடவை போட்டது போதவில்லை என்று இன்னொரு முடிச்சு. சின்னப் பையனுக்குக் குல்லாய் கட்டுகிற மாதிரி, காதெல்லாம் உள்ளே தள்ளி.

திரும்பும்போது என் பக்கத்தில் வந்து குந்தினார். மக்கை வாங்கித் தானே மொண்டு ஊற்றினார்.

"சாமி, ஒண்ணு கேக்கறனுங்க."

"கேளுங்க."

"கரையில துண்ட அவுக்க உட மாட்டனுங்க. போலீசுச் சட்டம்னு சொல்லீருவேன். அப்பறம் அவ கேப்பா. மொகம் நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொல்லோணும். நா சொன்னா நம்ப மாட்டா, கட்டுனவனாச்சே, ஆறுதலுக்குச் சொல்றான்னுருவா. நீங்க வெளியாளு. ஓடுச்சுன்னா ஓடுச்சும்பீங்க, ஓடலீன்னா ஓடலீம்பீங்க. உங்க தப்பையே மறைக்காமச் சொன்ன ஆளு. நீங்க சொன்னா நம்புவா."

நான் தலையாட்டினேனா, நினைவில்லை. எஞ்சின் நிற்காமல் ஓடியது. பாழாய்ப்போனது, இன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை.

கரையில் நடந்ததை எழுதத் தெம்பில்லை. துண்டின் மேலேயே அரிசி போட்டாள். அப்புறம் போலீஸ், ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். ஸ்பேனர் எல்லாம் துடைத்துப் பையில். பதினான்கு நம்பரைக் காணோம், ஆற்றுக்குள் போயிருக்கும். படகு மறுபடி தார்ப்பாய்க்கு அடியில். விற்றுவிடப் போகிறேன் என்றார் பாய். வேண்டாம், இங்கேயே கிடக்கட்டும் என்றேன். அடுத்த ஆடிக்கும் ஆறு இருக்கும்.

பஸ்ஸுக்கு முன்னால், வரச் சொல்லி ஆள் வந்ததால், சின்னராசு வீட்டுக்கு. பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அவர் வெளியே நாற்காலியில். நான் வந்ததைப் பார்த்தும் எழவில்லை, என்னைப் பார்த்துக் கை மட்டும் கூப்பினார். பூங்கொடி உள்ளேயிருந்து நேராக வந்து என் முன்னால் நின்றாள். வரச் சொல்லி அவள்தான் ஆள் அனுப்பியிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"நீங்க பார்த்தீங்களாமா, துண்டு கட்டறதுக்கு மின்ன."

"பார்த்தேங்கம்மா."

"எப்பிடி இருந்தானுங்க?"

சின்னராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேறொரு துண்டு.

"நல்லா இருந்தாங்க. அப்படியே இருந்தாங்க. தூங்கற மாதிரி."

அவள் என் கண்ணையே பார்த்தாள். நானும் விலக்கவில்லை. ஒரு சொட்டு வராது என்று சொன்னபோது இருந்த அதே குரல் எனக்கு.

"கண்ணு மூடியிருந்துச்சுங்களா?"

"மூடியிருந்துச்சுங்கம்மா."

"அவனுக்குச் சின்னதுலருந்து தூங்கறப்போ ஒரு கண்ணு பாதிதான் மூடும்" என்றாள்.