பட்டறையை மூட ஓடினேன்

அஸ்ஸாம் முகாம்,
ஆடி மாதம், 1944.

குன்னத்தில் இருக்கும் என் மனைவி ரத்தினம்மாளுக்குப் பஞ்சநாதன் எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இதைப் படித்துக் காட்டும் வாத்தியார் ஐயாவுக்கு என் வந்தனம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போன வாரம் பரேடில் நிற்கும்போது இடி இடித்தது. என்ன நினைத்தேனோ, வரிசையை விட்டு ஓடினேன். "எங்கடா ஓடுற?" என்று நம் ஊர்ப் பக்கத்து இருதயநாதன் கத்தினான். "பட்டறை நனைஞ்சிடும்டா, ஓலை போட்டு மூடணும்" என்றேனாம். நம் கொல்லையில் விதை வெங்காயம் குவித்து வைத்த பட்டறை! கூடாரத்து வாசலில்தான் புத்தி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவில்தார் மட்டும் சிரிக்காமல், பொழுது சாயும்வரை மண்மூட்டை தூக்க வைத்தார். தோள் கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. மழையில்லாமல் கத்தரியும் அவரையும் கருகிவிட்டன, விதை வெங்காயத்தையே பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீங்க என்று எழுதச் சொல்லியிருந்தாய். நீ செய்ததுதான் சரி. புரட்டாசியில் எதை நடுவது என்று நீ யோசிக்காதே. நான் யோசிக்கிறேன்.

முடிந்தால் கொல்லைக்குக் கட்டிப்போகும் என் பழைய தலைத்துண்டை அனுப்பு. துவைக்க வேண்டாம். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்றும் எழுது.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். மறுபடியும் இடி இடிக்கிறது. இந்தத் தடவை நான் ஓடவில்லை. நனைய அங்கே ஒன்றுமில்லை என்று காலுக்கும் தெரிந்துவிட்டது போல.

பஞ்சநாதன்